யெல்லோஸ்டோனில் குடும்பத்தோடு டென்ட் போட்டுத் தங்க: முன்பதிவு முதல் கிளம்பும் நாள் வரை

அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்கள் பலவும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை இரண்டு நாளில் முடித்துவிடும். காரில் ஒரு முழுச் சுற்று, ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று, சாலையோரம் நாலு பைசன் (அமெரிக்கக் காட்டெருமை), ராத்திரிக்கு ஹோட்டல். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஓநாயையும் கரடியையும் நிதானமாகப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் நாலு புது மனிதர்களோடு பழக வேண்டும் என்றால் அந்தத் திட்டம் உதவாது. காட்டுக்குள் டென்ட் போட்டு, ஒரே இடத்தில் சில நாள் தங்க வேண்டும்.

முதன்முறை வரும் குடும்பங்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகின்றன. பெரும்பாலும் வரிசை தப்புவதுதான் காரணம்: முதலில் விமான டிக்கெட், பிறகு சாமான், கடைசியில் தங்கும் இடம். இங்கே எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

## 1. எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விலங்கு பார்க்க மே கடைசியும் ஜூனும் அருமையான காலம். பைசன் கன்றுகள் செம்மண் நிறத்தில் துள்ளிக்கொண்டிருக்கும். எல்க் மான்கள் குட்டி போடும் நேரம் என்பதால் கரடியும் ஓநாயும் பள்ளத்தாக்குகளில் சுற்றும். ஆனால் ஜூனில்கூடப் பனி விழும், கொசுவும் உண்டு. சின்னக் குழந்தைகளோடு முதல்முறை டென்ட்டில் தங்குபவர்களுக்கு நான் ஜூன் முதல் வாரத்தைச் சொல்ல மாட்டேன்.

ஜூலையும் ஆகஸ்டும் இதமான மாதங்கள், கூட்டமும் அதிகம். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு பாதிவரை பைசன்களின் இணை சேரும் பருவம். காளைகள் உறுமுவது டென்ட்டுக்குள் படுத்திருந்தாலும் கேட்கும் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், போய்க் கேட்டால் நம்புவார்கள். செப்டம்பரில் எல்க் ஆண்கள் ஊளையிடும், கூட்டம் குறையும், ஆனால் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஜூன் கடைசி வாரம் என்பதுதான் என் கணக்கு. பள்ளத்தாக்குகள் பச்சையாக இருக்கும், இரவுக் குளிரும் தாங்கக்கூடியதாக இருக்கும்.

## 2. கேம்ப்சைட் கிடைத்த பிறகே விமான டிக்கெட்

பூங்காவுக்குள் கேம்ப்கிரவுண்டுகள் இரண்டு வகை. மேடிசன், கேன்யன், பிரிட்ஜ் பே, கிராண்ட் வில்லேஜ் போன்ற பெரியவற்றை ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது. இவற்றுக்கு ஓராண்டுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். மாமத், ஸ்லவ் கிரீக், லூயிஸ் லேக் போன்றவை பூங்கா நிர்வாகத்துடையவை, ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிய வேண்டும். அங்கே பெரும்பாலும் ஆறு மாதம் முன்பு திறக்கும், திறந்த சில நிமிடங்களில் தீரும்.

விலங்கு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஸ்லவ் கிரீக் கனவு இடம். லமார் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மொத்தமே 16 இடங்கள், மண்சாலை, தண்ணீர் ஊற்றும் கழிப்பறை கிடையாது. முதல்முறைக்காரர்களுக்கு கேன்யன் நல்லது. தெற்கே கொஞ்ச தூரத்திலேயே ஹேடன் பள்ளத்தாக்கு. வடக்கே டன்ரேவன் கணவாய் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் லமார். குளியலறையும் சலவை இயந்திரமும் இருக்கின்றன. பாட்டி தாத்தா கூட வந்தால் இந்த இரண்டும்தான் பயணத்தைக் காப்பாற்றும்.

இடையில் இடம் மாறாதீர்கள். ஒரே கேம்ப்கிரவுண்டில் குறைந்தது நாலு இரவு வேண்டும். டென்ட்டைப் பிரித்து, மூட்டை கட்டி, மறுபடி அடிப்பதில் ஒரு காலையும் ஒரு மாலையும் போய்விடும். விலங்குகள் வெளியே வருவதும் அந்த இரண்டு வேளையில்தான்.

சேர்ந்து போகும் குடும்பங்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மூன்று குடும்பம், ஒரு சைட், "நெருக்கிக்கொள்ளலாம்" என்று வந்துவிடுவார்கள். ஒரு சைட்டுக்கு ஆறு பேர் என்பது விதி. ரேஞ்சர் ராத்திரி டார்ச் அடித்து எண்ணுவார் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் தரையில் டென்ட்டுக்கான இடமே அவ்வளவுதான். குடும்பத்துக்கு ஒரு சைட் பதியுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்களாகக் கிடைத்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் இரண்டு நிமிடம் நடந்தால் போகிறது.

இடம் நிறைந்துவிட்டால் கைவிட வேண்டாம். ரத்தாகும் இடங்கள் தினமும் தளத்தில் வரும். பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு காலையும் மாலையும் பாருங்கள்.

நுழைவுக் கட்டணம் வாகனத்துக்கு ஏழு நாளுக்கு ஒரு முறை. வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த ஆண்டு குடும்பத்துக்கே இலவச அனுமதிச் சீட்டு உண்டு, முன்பே இணையத்தில் எடுத்துவைக்க வேண்டும். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குத் தனிக் கட்டணம் வந்திருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் பூங்காவின் தளத்தில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

## 3. வீட்டுக்கொல்லையில் ஓர் இரவு ஒத்திகை

இதைத் தவிர்க்காதவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். புது டென்ட் பெட்டியோடு வந்து, மழை தூறும் மாலையில், கைப்பேசி சிக்னல் இல்லாத இடத்தில், செய்முறை வீடியோவைத் தேடுவார்கள்.

வீட்டில் கொல்லை இல்லாவிட்டால் பக்கத்து ஸ்டேட் பார்க்கில் ஒரு வார இறுதி போதும். மூன்று விஷயம் தெரிந்துவிடும். டென்ட்டை எத்தனை பேர் சேர்ந்து எவ்வளவு நேரத்தில் நிறுத்த முடிகிறது, குழந்தை ராத்திரி எழுந்தால் என்ன செய்கிறது, யாருக்குத் தரையில் படுத்தால் முதுகு பிடிக்கிறது.

"நாலு பேர் டென்ட்" என்றால் நாலு பேர் சவம் போலப் படுக்கலாம் என்று பொருள். நாலு பேர் குடும்பத்துக்கு ஆறு பேர் டென்ட் வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு பைனாகுலர் பழக்கமும் இப்போதே வேண்டும். கண்ணை மரத்து உச்சியில் இருக்கும் காக்கையின் மேலேயே வைத்துக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் தலையைக் குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு, பிறகு வானம் முழுக்கத் தேடுவார்கள். லமாரில் கரடி தெரியும் அரை நிமிடத்தில் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

## 4. சாமான்: குளிருக்கு முதலிடம்

கேன்யன் கேம்ப்கிரவுண்ட் சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட உயரம். ஜூலை நடுப்பகலில் டி-ஷர்ட் போதும், அதே நாள் விடியற்காலை தண்ணீர் உறையும் நிலைக்குக்கூட இறங்கலாம். பகல் வெயிலை மட்டும் பார்த்துப் பெட்டி கட்டுபவர்கள்தான் ராத்திரி காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வரை தாங்குவதாக இருக்கட்டும். அதைவிட முக்கியம் அடியில் போடும் மெத்தை. குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரைதான் உடம்புச் சூட்டை இழுக்கும். வெறும் காற்றடிக்கும் படுக்கை சொகுசாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் காற்றும் குளிர்ந்துவிடும். அதன்மேல் ஒரு தடித்த கம்பளியோ நுரை விரிப்போ போடுங்கள். பெரியவர்களுக்கு மடக்குக் கட்டில் நல்லது, எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கும். அந்தக் கட்டிலின் மேலும் விரிப்பு வேண்டும்.

ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, கம்பளித் தொப்பி, கையுறை, மழைக்கோட்டு. பிற்பகல் இடிமழை அங்கே வழக்கம். எட்டு மடங்கு பெருக்கும் 8x42 பைனாகுலர் குடும்பத்துக்கு ஏற்றது. பத்து மடங்கு பெருக்குவது வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. கண்ணாடி போடுபவர்கள் பைனாகுலரின் கண்வளையத்தைக் கீழே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் காட்சிதான் தெரியும்.

இன்னொன்று யாரும் கொண்டுவருவதில்லை: மடக்கி வைக்கும் சின்னப் படிக்கட்டு. காரணம் பத்தாவது பகுதியில்.

விமானத்தில் வருபவர்களுக்கு: பேர் ஸ்பிரேயும் (கரடியை விரட்டும் காரத் தெளிப்பான்) அடுப்புக்கான கேஸ் குப்பியும் கையில் எடுத்துவரும் பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, அனுமதி இல்லை. இரண்டையும் இறங்கிய ஊரில் வாங்குங்கள். போஸ்மனில் இறங்கினால் எல்லாம் கிடைக்கும், வடக்கு வாசலுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். விறகையும் அந்தப் பகுதியிலேயே வாங்குங்கள். வெளியூர் விறகோடு மரத்தை அரிக்கும் பூச்சிகளும் பயணம் செய்யும்.

## 5. சாப்பாட்டுத் திட்டம்

அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தால் பருப்பு வேகாது, சோறு விதைவிதையாக நிற்கும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துப்போங்கள். அமெரிக்கர்களின் கேம்பிங் பட்டியல் எதிலும் குக்கர் இருக்காது. நமக்கு அது இல்லாமல் கேஸ் தீரும், பொறுமையும் தீரும். துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பு வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரவு சமைக்கவே வேண்டாம். புளிசாதம், சப்பாத்தி, தொக்கு என்று கையில் எடுத்துப்போனது போதும். அன்று டென்ட் அடிப்பதும் பிள்ளைகளை அடக்குவதும்தான் வேலை. அடுத்த நாட்களுக்கு ரவை, சேமியா, பொங்கலுக்கு அரிசியும் பருப்பும் கலந்த பொட்டலங்கள், இட்லிப் பொடி, ஊறுகாய். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று வீட்டிலேயே அளந்து கட்டினால், திறந்து கிடக்கும் டப்பாக்கள் குறையும்.

கூலர் நிறைய மாவு கொண்டுவருவதை நான் ஆதரிப்பதில்லை. பகல் சூட்டில் பொங்கி வழியும், வழிந்ததை மோப்பம் பிடிக்க அங்கே ஆள் இருக்கிறது. பஜ்ஜி, வடை, அப்பளம் எதுவும் வேண்டாம். எண்ணெய் வாசனை துணியிலும் டென்ட்டிலும் ஒட்டிக்கொள்ளும், மிச்ச எண்ணெயைக் கொட்ட இடமும் இல்லை.

## 6. போய் இறங்கிய மாலை

பிற்பகல் மூன்று மணிக்குள் சேருமாறு கணக்குப் போடுங்கள். பூங்காவுக்குள் வேக வரம்பு மணிக்கு 45 மைல், அதுவும் பைசன் கூட்டம் சாலையில் படுத்துவிட்டால் பூஜ்யம். வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வரைபடத்தையும் பூங்காவின் செயலியையும் முந்தின நாளே இறக்கிவைத்துவிடுங்கள், உள்ளே சிக்னலை நம்ப முடியாது.

முதலில் டென்ட், பிறகு படுக்கை, அப்புறம்தான் மற்றது. மேலுறை போடாமல் "மழை வந்தால் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். இருட்டும்முன் குடும்பம் முழுவதும் ஒருமுறை கழிப்பறைக்கு நடந்து வழியைப் பார்த்துவரட்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அடுத்தவர் டென்ட்டைத் திறக்கும் சங்கடம் வராது.

முதல் நாள் எல்லோரும் நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஓடியாட வேண்டாம். உயரத்துக்கு உடம்பு பழக ஒரு நாள் ஆகும். மூச்சுத் திணறலோ இதய நோயோ உள்ள பெரியவர்களுக்கு ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது.

## 7. வாசனை உள்ள எதுவும் வெளியே இருக்கக் கூடாது

யெல்லோஸ்டோனில் கிரிஸ்லி, கருங்கரடி இரண்டும் உண்டு. பக்கத்தில் ஆள் இல்லாமல் எந்த உணவுப் பொருளும், கூலரும், அடுப்பும், பாத்திரமும், குப்பையும் வெளியே இருக்கக் கூடாது என்பது சட்டம். சைட்டில் இரும்புப் பெட்டி இருந்தால் அதில், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய காருக்குள்.

நம்மவர்கள் சாப்பாட்டை ஒழுங்காக உள்ளே வைத்துவிடுவார்கள். தப்பிப்பது மற்றவை: பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய், தைலம், குழந்தையின் பால் புட்டி, பாட்டியின் இடுப்பு மடிப்பில் இருக்கும் வெற்றிலைப் பாக்கு, பிள்ளைகள் ஸ்லீப்பிங் பேக்குக்குள் ஒளித்த சாக்லேட். கரடிக்கு இவை எல்லாமே சாப்பாடுதான். படுக்கப் போகும்முன் ஒருவர் டென்ட்டுக்குள், இன்னொருவர் வெளியே என்று பிரித்துக்கொண்டு தேடுங்கள். தாளித்த துணியோடு படுக்கவும் வேண்டாம், மாற்றிவிட்டு அதையும் காருக்குள் வைத்துவிடுங்கள்.

பாத்திரம் கழுவிய நீரை மரத்தடியில் ஊற்றுவது அடுத்த பிழை. ரசமும் சோற்றுப் பருக்கையும் கலந்த அந்த மண் அடுத்து வரும் குடும்பத்தின் சைட்டுக்குக் கரடியை அழைத்துவரும். வடிகட்டி, சக்கையைக் குப்பையில் போட்டு, நீரைக் கழிப்பறைக் கட்டடத்தில் அதற்கென இருக்கும் தொட்டியில் ஊற்றுங்கள். இப்படிச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்ட கரடியைப் பல சமயம் கொன்றுவிட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் இந்தக் காரணத்தை நேராகச் சொல்லிவிட்டால், அப்புறம் அவர்களே நம்மைக் கண்காணிப்பார்கள்.

பேர் ஸ்பிரேயைக் கொசு மருந்துபோல் உடம்பிலும் டென்ட்டிலும் அடிப்பவர்கள் உண்மையிலேயே உண்டு, பூங்கா நிர்வாகமே எச்சரிக்கும் அளவுக்கு. அது மிளகாய்க் காரம். நம்மை நோக்கி வரும் கரடியின் முன்னால் மேகம்போல் அடிக்க வேண்டியது. இடுப்பில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், பைக்குள் இருந்தால் பயனில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள், குப்பி வெடிக்கும்.

## 8. விடியற்காலை

ஜூன் கடைசியில் ஐந்தரை மணி சுமாருக்கே சூரியன் எழும். லமாருக்குப் போவதென்றால் கேன்யனிலிருந்து நாலேகாலுக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளோடு முடியுமா என்றால் முடியும், முந்தின இரவு தயாரானால். மறுநாள் உடையையே போட்டுப் படுக்கட்டும். காலையில் தூக்கி, காலணி மாட்டி, காரில் கம்பளிக்குள் வைத்தால் போகும் வழியெல்லாம் தூங்குவார்கள். பல்தேய்ப்பு, காபி, வாக்குவாதம் எல்லாம் அங்கே போய் வைத்துக்கொள்ளலாம். பாலும் காபியும் முந்தின இரவே பிளாஸ்கில்.

வெயில் ஏறினால் ஓநாய்கள் படுத்துவிடும், கரடிகள் மரநிழலுக்குள் போகும். எட்டு மணிக்குச் சாவகாசமாக வந்து "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பும் கார்களை தினமும் பார்க்கலாம்.

போனதும் ஒரு சாலையோர நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே ஒன்றரை மணி நேரம் நில்லுங்கள். அடுத்த வளைவில் இருக்குமோ, அதற்கடுத்த வளைவில் இருக்குமோ என்று ஓட்டிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பைசன் மட்டும்தான் கிடைக்கும். பைசன் பெரிது, ஓடும் காரிலிருந்தே தெரியும். ஓநாய் தெரிய, எதிரே இருக்கும் மலைச்சரிவு கண்ணுக்குப் பழக வேண்டும். எது பாறை, எது புதர் என்று தெரிந்த பிறகுதான் எது நகர்கிறது என்று தெரியும்.

முதலில் வெறும் கண்ணால் முழுப் பள்ளத்தாக்கையும் பாருங்கள். அண்டங்காக்கைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு இறங்கினால் அங்கே செத்த விலங்கு இருக்கலாம், அதைச் சுற்றி ஓநாயோ கரடியோ இருக்கலாம். எல்க் கூட்டம் மேய்வதை நிறுத்தி எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பினால், நீங்களும் அந்தப் பக்கம் பாருங்கள். மரக்கூட்டம் முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பைப் பைனாகுலரால் இடமிருந்து வலமாக மெதுவாக அளந்து, பிறகு திரும்பி வாருங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பகுதியைப் பங்கு பிரித்துக் கொடுத்தால் சலிப்பு வராது. "அந்த ஒற்றை மரத்திலிருந்து ஆற்று வளைவு வரை உன்னுடையது" என்றால் காவல்காரர்போல் பார்ப்பார்கள்.

மாலைக்கு ஹேடன் போதும், கேம்ப்புக்குப் பக்கம்.

## 9. எவ்வளவு தூரத்தில் நிற்பது

கரடி, ஓநாய், மலைச்சிங்கம் மூன்றுக்கும் 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டர். பைசன், எல்க் உட்பட மற்ற எல்லாவற்றுக்கும் 25 கஜம், சுமார் 23 மீட்டர். விலங்கு நம்மை நோக்கி வந்தால் நாம்தான் பின்வாங்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நிமிர்த்துங்கள். விலங்கு முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைந்தால் சரி, மறையாவிட்டால் அருகில் நிற்கிறோம்.

நம்மவர்கள் கரடிக்குப் பயப்படுவார்கள், பைசனிடம் ஏமாறுவார்கள். பார்க்க நம் ஊர் எருமைபோல் சாதுவாக நிற்பதுதான் காரணம். யெல்லோஸ்டோனில் வேறெந்த விலங்கையும்விட அதிகம் பேரைக் காயப்படுத்தியது பைசன்தான். மனிதரைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடும். வாலைத் தூக்கி நிறுத்தினால் கோபமாக இருக்கிறது என்று பொருள், மெதுவாக விலகுங்கள். கேம்ப்கிரவுண்டுக்குள்ளேயே வந்து மேயும், கழிப்பறைக்குப் போகும் பாதையில் நின்றால் சுற்றிப் போங்கள், அல்லது காத்திருங்கள்.

கார்கள் கூட்டமாக நின்றால் ஏதோ விலங்கு இருக்கிறது என்று அர்த்தம். சாலை நடுவில் நிறுத்தாதீர்கள். நாலு சக்கரமும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே வருமாறு இடம் இருந்தால் மட்டும் ஒதுங்குங்கள். ட்ரோன் பறக்கவிடுவது, விலங்குகளைப்போல் குரல் கொடுத்து அழைப்பது இரண்டும் தடை.

## 10. ஸ்கோப் வைத்திருப்பவர்களோடு பழகுதல்

லமாரிலும் ஸ்லவ் கிரீக் பக்கமும் விடியற்காலையில் முக்காலியில் ஸ்கோப் எனும் பெரிய தொலைநோக்கியைப் பொருத்தி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சிலரைப் பார்ப்பீர்கள். ஓநாய்களை இங்கே மறுபடி கொண்டுவந்துவிட்ட 1995 முதல் ஆண்டுதோறும் வருபவர்களும் அவர்களில் உண்டு. எந்தக் கூட்டம் எந்தச் சரிவில் இருக்கிறது, எத்தனை குட்டி என்றெல்லாம் தெரியும். ஓநாய் பெரும்பாலும் ஒரு மைலுக்கு மேல் தூரத்தில்தான் தெரியும், பைனாகுலரில் அது ஒரு புள்ளி. அவர்கள் உதவி இல்லாமல் பார்ப்பது கடினம்.

நம் குடும்பங்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறும். ஒரு சாரார் கூச்சப்பட்டுக் காரைவிட்டே இறங்க மாட்டார்கள். இன்னொரு சாரார் கதவுகளைப் படபடவென்று சாத்திக்கொண்டு, கைப்பேசியில் ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டபடி வந்து நிற்பார்கள். விடியற்காலையில் சத்தம் வெகுதூரம் போகும். கதவைச் சத்தமில்லாமல் மெதுவாக அழுத்திச் சாத்துங்கள், பாட்டை நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள்.

இறங்கி, வணக்கம் சொல்லி, "காலையில் ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்டால் போதும். மற்றதை அவர்களே பேசுவார்கள். பெரும்பாலும் தாங்களாகவே பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவர்கள் சொல்லும்முன் ஸ்கோப்பைத் தொடாதீர்கள். பார்க்கும்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மட்டும் கிட்டே கொண்டுபோக வேண்டும். குழாயைப் பிடித்தால் ஒரு விரல் அசைவில் ஓநாய் காட்சியிலிருந்து போய்விடும், மறுபடி தேட ஐந்து நிமிடம் ஆகும்.

பெரியவர் உயரத்துக்கு வைத்த முக்காலியைக் குழந்தைக்காக இறக்கினால் குறி போய்விடும். இதற்குத்தான் படிக்கட்டு. அதைக் காரிலிருந்து எடுத்து வைத்ததும் அங்கே இருப்பவர்கள் முகம் மாறுவதைப் பாருங்கள். மற்றக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதில்தான் ஏறுவார்கள், அப்படியே பேச்சு தொடங்கும். பார்த்ததும் அடுத்தவருக்கு இடம் விடப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

மறுநாளும் அதே நிறுத்தத்துக்குப் போங்கள். முதல் நாள் வந்துபோன காரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இரண்டாம் நாள் பெயர் சொல்லி அழைப்பார்கள், இரவு நடந்ததைச் சொல்வார்கள். பிளாஸ்கில் கூடுதலாக இரண்டு கோப்பைக் காபி இருக்கட்டும். குளிரில் நிற்கும் மனிதருக்கு நம் டிகிரி காபியைக் கொடுத்துப் பாருங்கள்.

## 11. கேம்ப்கிரவுண்டில் அக்கம்பக்கம்

முதல் விதி: அடுத்தவர் சைட்டின் நடுவே நடக்கக் கூடாது. குறுக்கு வழி என்று பிள்ளைகள் ஓடுவார்கள். வேலி இல்லாவிட்டாலும் அது அவர்கள் வீட்டுக் கூடம்தான். சாலை வழியாகச் சுற்றியே போக வேண்டும்.

இரவு அமைதி நேரம் பலகையில் எழுதியிருக்கும். டென்ட் துணி எந்தச் சத்தத்தையும் தடுக்காது. சீட்டுக்கட்டு ஆட்டத்தில் நம் குரல் ஏறுவது நமக்குத் தெரியாது.

பழகப் பிள்ளைகளை முன்னே விடுங்கள். கேம்ப்கிரவுண்டின் வளைய சாலையில் மாலை நேரம் சைக்கிள் ஓட்டும் குழந்தைகள் எப்போதும் இருப்பார்கள். ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அதில் உள்ள வேலைகளைச் செய்துமுடித்து, ரேஞ்சர் முன் உறுதிமொழி எடுத்தால் ஜூனியர் ரேஞ்சர் சின்னம் கிடைக்கும். ஒரே பக்கத்தில் சிக்கிய இரண்டு குழந்தைகள் சேர்ந்துகொள்ள அறிமுகம் தேவையில்லை. கோடைக்கால மாலைகளில் பெரிய கேம்ப்கிரவுண்டுகளில் ரேஞ்சர் பேச்சு நடக்கும். பக்கத்து சைட்காரர்களிடம் "நாங்கள் போகிறோம், வருகிறீர்களா?" என்று கேட்க அது நல்ல சாக்கு.

சாப்பாடு கொடுத்துப் பழகுவது நம் வழக்கம். கொடுக்கும்முன் பெற்றோரிடம் கேளுங்கள். முந்திரி, நிலக்கடலை, எள் மூன்றும் நம் பலகாரத்தில் எங்கும் இருக்கும், அங்கே பல குழந்தைகளுக்கு அவை ஒவ்வாமை. காரத்தையும் சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை எலுமிச்சைச் சாதம் யாருடனும் ஒத்துப்போகும்.

மற்றவர் பிள்ளைகளைப் படம் எடுக்கும்முன்பும் கேட்க வேண்டும். எண் வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தால், "ஸ்கோப் வழியாக எடுத்த படத்தை அனுப்புகிறேன்" என்பது இயல்பான வழி. சொன்னபடி அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

## 12. நடுப்பகல்

பத்திலிருந்து நாலு வரை விலங்குக்கு ஓய்வு, நமக்கும் ஓய்வு. காலை லமார் போனவர்கள் திரும்பிவந்து ஒரு தூக்கம் போடாவிட்டால் மாலை எல்லோரும் சிடுசிடுப்பார்கள். ஒரு நாளை மட்டும் வெந்நீர் ஊற்றுகளுக்கு ஒதுக்குங்கள். அங்கே மரப்பாதையை விட்டு ஓர் அடியும் இறங்கக் கூடாது, மேல்தோடு மெல்லியது, அடியில் கொதிநீர். சின்னக் குழந்தையின் கையை விடவே வேண்டாம்.

## 13. கிளம்பும் நாள்

நெருப்புக் குழியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. டென்ட் நின்ற இடத்தைப் பிள்ளைகளை விட்டு அலசச் சொல்லுங்கள், ரப்பர் பேண்டும் பிஸ்கட் துண்டும் அவர்கள் கண்ணுக்குத்தான் படும்.

ஈர டென்ட்டைச் சுருட்டி விமானத்தில் போட்டால் வீடு சேர்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். காலை வெயிலில் அரை மணி நேரம் காயவிட நேரம் ஒதுக்குங்கள், முடியாவிட்டால் வீட்டுக்கு வந்த அன்றே விரித்துவிடுங்கள்.

மிஞ்சிய விறகு, கேஸ் குப்பி, பேர் ஸ்பிரே எதுவும் விமானம் ஏறாது. ஸ்பிரேயையும் குப்பிகளையும் மறுசுழற்சிக்கு வாங்கிக்கொள்ளும் பெட்டிகள் பூங்காவில் உண்டு. அதைவிட நல்ல வழி, முந்தின நாள் வந்து டென்ட் பெட்டியைப் பிரித்துக்கொண்டு விழிக்கும் குடும்பம் ஒன்று எப்படியும் பக்கத்தில் இருக்கும். ஸ்பிரேயின் காலாவதித் தேதியைக் காட்டி, எப்படி அடிப்பது என்பதையும் சொல்லி, விறகோடு சேர்த்து அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு என்ன தெரிந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்களின் முதல் காலை வீணாகாது.